பாலாம்பிகை மொழிபெயர்த்த சரித்திரப் படம்

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், உடுப்புத் தைக்கும் ஃபாக்டரியில் காலை ஷிப்ட் செய்துவந்த பாலாம்பிகைக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் 1987இல், பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த அவளுடைய வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கூடிய பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு இந்திப் படத்தைத் தமிழில் சொன்னவள் அவள்தான்.

வீடியோக் கடையில் தமிழ்ப் படமெல்லாம் வாடகைக்குப் போய்விட்ட ஒரு நாள், அவள் பழைய இந்திச் சரித்திரப் படமொன்றைத் தூக்கிவந்தாள். உறையில் கோட்டை, யானை, அழுகிற ராணி.

"இது என்னண்டு விளங்கும்?" என்று பக்கத்து வீட்டு அருள்மலர் முகத்தைச் சுளித்தாள்.

"கொழும்பில பம்பாய்க்காரருக்குப் பக்கத்து வீட்டிலயெல்லோ இருந்தனாங்கள். நான் சொல்லுறன்" என்றாள் பாலாம்பிகை, கூசாமல்.

ராஜா சபையில் கர்ஜித்தார். "சீதனக் காணிக்கு உறுதிப் பத்திரம் எங்கை எண்டு கேக்கிறார்" என்றாள். இரண்டு படைகள் மோதின. "அடுத்த நாட்டு ராஜா வேலியை அரை முழம் தள்ளிப் போட்டிட்டாராம்." பெண்கள் சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு அவர்களுக்கு வேறு படம் பிடிக்கவில்லை. மாதம் ஒருமுறையாவது அதே கசெற் வந்தது.

அடுத்த வருடம் அருள்மலர் ஒரு புது ஆளைக் கூட்டிவந்தாள். சுலோச்சனா, தமிழ்நாட்டு டாக்டர் ஒருவரின் மனைவி. படம் ஓடத் தொடங்கிய பிறகுதான், "நான் பம்பாயிலதான் பொறந்து வளர்ந்தேன்" என்றாள். பாலாம்பிகை அகப்பட்டுக்கொண்டாள். நிறுத்தவும் ஏலாது. வியர்க்க வியர்க்கச் சொல்லி முடித்தாள்.

"அக்கா சொன்னது சரிதானே?" என்று அருள்மலர் கேட்டாள்.

"ஆமா. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை."

பாலாம்பிகை தேத்தண்ணி போடக் குசினிக்குள் ஓடினாள். சுலோச்சனாவும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, மகன் செத்துட்டான்னு அந்த ராஜா கதறுறார். நீங்க பல்லுவலின்னுட்டீங்களே!"

"கன்னத்தில கை வைச்சிருந்தார், தங்கச்சி."

சுலோச்சனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். அவளுடைய அப்பா அந்தப் படத்துக்கு செட் பெயின்டர். "கோட்டை முழுக்கச் சாக்கும் சுண்ணாம்பும்தான். பெயின்ட் காயறதுக்குள்ள ஷூட்டிங். ராணி சுவத்துல சாஞ்சு அழறா இல்ல? புடவை ஒட்டிக்கிச்சு, நகர முடியலை. டைரக்டர் நடிப்புன்னு நெனச்சு கேமராவை நிறுத்தவே இல்லை."

பாலாம்பிகை சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தொடங்கி இருவரும் கூட்டு. கதை பாலாம்பிகையுடையது, படம் எடுத்த கதை சுலோச்சனாவுடையது.

1992இல் கடைக்காரர் அதே படத்தின் புதுக் கசெற்றைக் கொடுத்துவிட்டார். போட்டால், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அதற்குள் அருள்மலர் கவுன்சில் வகுப்புக்குப் போய் ஆங்கிலம் வாசிக்கப் பழகியிருந்தாள். முதல் காட்சியை உதடசைத்து வாசித்தாள். காணியும் இல்லை, உறுதியும் இல்லை. பாலாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வருடப் பொய்.

அருள்மலர் எழுந்து குசினிக்குள் போனாள். பழைய பேப்பரும் ஒட்டும் டேப்பும் கொண்டுவந்து, டீவியின் கீழ்ப்பகுதியை எழுத்துத் தெரியாதபடி மறைத்து ஒட்டினாள்.

"எழுதினவனுக்குக் கதை சொல்லத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

பாலாம்பிகை இன்னும் தலை நிமிரவில்லை. சுலோச்சனாதான் தொடங்கிவைத்தாள். அவள் சொன்ன முதல் வசனமே படத்தில் இல்லாதது.