சுரங்கத் தொழிலாளியின் பாட்டு நோட்டு

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் பார்சிப்பனி ஊர் ஆபீஸில் எனக்கு அடுத்த மேசைத் தோழி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். வாரம் முழுக்க மருந்துக் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்தால், மூன்று வரிசைத் தந்தி போட்ட தன் ஹார்ப்பை வேனில் ஏற்றிக்கொண்டு, பென்சில்வேனியா சுரங்க ஊர்களில் பழைய வேல்ஸ் மெட்டுகளைத் தேடி அலைவார். எல்லாமே காதால் கற்றவர். எழுதிய இசையை வாசிக்கத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை முகம் வாடி வந்தார். அங்கே ஒரு வயதான அம்மாளிடம், சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்துபோன கணவரின் பாட்டு நோட்டு இருக்கிறதாம். தங்கள் கல்யாணத்துக்கு அவர் போட்ட மெட்டை வாசித்துக் காட்டினால் நோட்டைத் தருவாராம். இல்லையென்றால் அது தன்னோடு புதைகுழிக்குத்தான் என்றாராம்.

பார்த்து எழுதி வந்த ஒரு வரியைக் காட்டினார். வெறும் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே புள்ளிகள். எனக்குச் சிரிப்பு பொங்கியது. d, r, m என்றால் டோ, ரே, மீ! பாளையங்கோட்டை சர்ச் கொயரில் எட்டு வயதிலிருந்து நான் பார்த்துப் பாடியது இதைத்தான்.

"சனிக்கிழமையும் ஊர் சுத்தப் போறியாக்கும்? லாண்டரி யாரு பண்ணுவா?" என்றார் என் கணவர்.

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

அந்த அம்மாள் நோட்டை விரித்துப் பிடித்தார். நான் நிமிர்ந்து நின்று, ஒரு ஸ்வரம் பிசகாமல் பாடினேன். தோழி ஹார்ப்பை இடது தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே வாசித்தார். முடித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"இது அவர் மெட்டே இல்லை" என்று அம்மாள் நோட்டை மூடினார்.

தோழி என் பக்கம் திரும்பினார். "உங்கள் கல்யாணங்களில் யாரும் ஆட மாட்டீர்களா?"

ஆட்டமா! எங்கள் ஊரில் மணப்பெண் சர்ச் ஆல்டருக்கு அன்னநடை போடத்தான் கல்யாணப் பாட்டு. நோட்டில் ஸ்வரம்தான் இருந்தது, வேகம் இல்லை; நானும் அந்த நடையில்தான் இழுத்திருக்கிறேன். தோழி அதே ஸ்வரங்களை மூன்று மடங்கு வேகத்தில் எடுத்தார். தந்திகள் கலகலத்தன. அம்மாளின் செருப்பு தரையில் தாளம் போட்டது. கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்ததும் நானும் தொண்டை கிழியப் பாடினேன்.

அம்மாள் நோட்டைத் தோழியின் மடியில் வைத்தார். "மற்றதையும் இந்தப் பெண்ணையே படிக்கச் சொல். வேகத்தை மட்டும் இவள் கையில் விட்டுவிடாதே."