அலமாரிக்குள் இரண்டு சின்ன ஃபேன்கள்

ஸ்ரீரங்கத்தில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். ஆம்ப்ளிஃபயரும் அதன் ஒயர்களும் கண்ணில் படக் கூடாது. அதற்காகவே எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு தச்சர் வந்து, கதவு போட்ட அலமாரி ஒன்றைக் கூடத்தில் செய்து கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர் உள்ளே, ஸ்பீக்கர்கள் வெளியே. மூன்று வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

இந்தச் சித்திரையில்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் போட்டு உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். கதவைத் திறந்தால் சிவப்பு விளக்கு மின்னும். மேல் தகட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். மூடிய பெட்டியில் சூடான காற்று போக வழியில்லாமல் தேங்கும் என்பதை எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதே பெட்டி, இதே வெயில் போன வருடமும் இருந்ததே? அப்போது ஏன் நிற்கவில்லை? அது பிடிபடவில்லை.

மெயின்கார்டு கேட் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டரில் போடுகிற சின்ன ஃபேன்கள் இரண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றும் வாங்கினேன். தச்சர் மறுபடி வந்து அலமாரியின் அடியிலும் முதுகில் மேல்பக்கமும் துளை போட்டார். மேலே இருந்த துளையில் ஃபேன்கள் காற்றை வெளியே தள்ள, கீழேயிருந்து புதுக்காற்று ஏறும். ஊதுபத்தி கொளுத்திக் கீழ்த்துளையிடம் பிடித்துப் பார்த்தேன். புகை சமர்த்தாக உள்ளே போய் மேலே வெளியேறியது. சத்தம் வரக் கூடாதே என்று திருகைக் குறைத்து வைத்துக் காதைக் கதவில் ஒட்டினேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"பாருங்க சார், ஓடுறதே தெரியல" என்றேன் தச்சரிடம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்லா ஓடுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மனைவி கேட்டாள்: "என்னங்க, கீ...ன்னு ஒரு சத்தம் வருதே, என்ன அது?"

"எங்கேருந்து?"

"இங்கதான். கொசு காதுகிட்ட வந்த மாதிரி."

ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். இன்வெர்ட்டரிடம் போய் நின்றேன். கீழே தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. "உனக்குப் பிரமை" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆம்ப்ளிஃபயர் மறுபடி நின்றது. கதவைத் திறந்தால் ஃபேன்கள் சுற்றவில்லை. ஸ்விட்ச் அணைந்திருந்தது. போட்டேன், சுற்றின. இரண்டு நாள் கழித்து மறுபடி அணைந்திருந்தது. ஸ்விட்சில்தான் கோளாறு என்று புதிதாக ஒன்று மாற்றினேன். அதுவும் தானாக அணைந்தது. இயற்பியல் துறை நண்பரிடம்கூடக் கேட்டேன். ஸ்விட்ச் தானாக அணையாது என்று சிரித்தார்.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அப்பா, என்னப்பா இது, விசில் மாதிரி?" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, "நீங்க காலேஜுக்குக் கிளம்பினதும் நான்தான் தினம் அணைச்சிடுவேன். தலை வலிக்குது. திரும்பப் போட மறந்துடும்" என்றாள்.

மகள் நேராக அலமாரியிடம் போய்த் திருகை மெல்லத் திருப்பினாள். "இப்ப கேக்குதாப்பா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா."

அவள் கைபேசியில் எதையோ தேடி எடுத்து, காதைச் சோதிக்கிற கீச்சொலி ஒன்றைப் போட்டாள். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன்.

பிறகு, நான் எப்போதும் வைக்கிற அளவிலேயே ஒரு பாட்டைப் போடச் சொன்னாள் மகள். போட்டேன். காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "இவ்ளோ சத்தமாவா கேப்பீங்க?"

"ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கு" என்றாள் மனைவி. "மேல் வீட்டுக்காரங்க ரெண்டு தடவ வந்து சொல்லிட்டுப் போனாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நான் சொல்லல."

ஆம்ப்ளிஃபயர் ஏன் இந்த வருடம் மட்டும் அப்படிச் சுட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. வெயிலோ அலமாரியோ மட்டும் காரணமில்லை. நான் அதை அவ்வளவு உழைக்க வைத்திருக்கிறேன்.

தில்லைநகரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் பெரும்பாலும் அழுத்தாமலேயே காத்திருந்தேன். முடிந்ததும் அந்த அம்மா வரைபடத்தைக் காட்டினார். பாதி வரை நேராக வந்த கோடு, அப்புறம் படியிலிருந்து விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் எதுவும் எனக்கு எட்டவில்லையாம்.

"பாட்டெல்லாம் எனக்குத் தெளிவா கேக்குதே மேடம்?"

"எல்லாம் உங்களுக்குப் பழகின பாட்டு சார். விட்டுப்போனத மனசே நிரப்பிக்கும்."

கடைசி பெஞ்சு மாணவர்கள் கேள்வி கேட்டால் "வாய்க்குள்ளயே பேசாதீங்கப்பா" என்று இந்த வருடம் முழுக்க அதட்டியிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் நினைவுக்கு வந்து கூசியது.

திருகைக் குறைத்தால்தான் அந்த விசில் வருகிறது என்று மகள் சொன்னதால் ஃபேன்களை மாற்றினோம். திருகே வேண்டாத, மெதுவாகச் சுற்றும் பெரியது இரண்டு. சத்தமே இல்லை என்று மனைவி சொல்கிறாள். நான் அதை நம்ப வேண்டியதுதான். ஒலி அளவைக் குறைத்த பிறகு ஆம்ப்ளிஃபயர் நிற்பதில்லை, தகடு வெதுவெதுப்போடு சரி.

இப்போது இரண்டு காதிலும் கருவி. அதைப் போட்டுக்கொண்டு முதல்முறை பாட்டுக் கேட்டபோது ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று எழுந்தே போய்விட்டேன். ஜாலராவின் சிலுசிலுப்பு, வயலின் வில் உரசுவது, பாடுகிறவர் மூச்சு இழுப்பது. இதெல்லாம் அந்தப் பாட்டில் முன்பு இருந்ததா? இருந்தது என்கிறாள் மகள். கருவியைக் கழற்றினால் எனக்குத் தெரிந்த பாட்டு, வெண்ணெய் மாதிரி. மாட்டினால் யாரோ புதிதாகப் பாடுகிறார்கள்.

போன ஞாயிறு கழற்றியும் மாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுதான் சரி?" என்றேன் மனைவியிடம்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ரெண்டு தடவையும் ஒரே பாட்டுதாங்க கேக்குது."