இரண்டு கைக்கும் ஒரே சத்தம்

என் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. பிழைப்புக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். உயிர் மட்டும் தவளை நீச்சலில் கிடக்கிறது. நீச்சல் குளத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே தவளைதான்.

பதினோரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அவளது வலது முழங்கை முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை அதன்பிறகு முழுதாக நீளவே இல்லை. இடது கையைவிட இரண்டு விரற்கடை குட்டை. ஃப்ரீஸ்டைலில் ஒரு கை சுவரைத் தொட்டால் போதும். தவளை நீச்சலில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இவளுக்கு இடது கை முந்திக்கொள்ளும். சுவரருகே நிற்கும் நடுவர் கையைத் தூக்குவார். அத்தோடு கதை முடிந்தது. பத்து வருடத்தில் நான்கு முறை முன்னணியில் வந்தாள்; நான்கு முறையும் செல்லாது என்றார்கள்.

"ஃப்ரீஸ்டைலுக்கு மாறிடு" என்று சொல்லிச் சொல்லிக் கோச்சுக்கு அலுத்துவிட்டது. கடைசியில் கறாராகச் சொன்னார்: "இந்தத் தேர்வுப் போட்டியிலயும் செல்லாதுன்னா, இனிமே உன் பேரை எதுக்கும் அனுப்ப மாட்டேன்." முதல் இரண்டு பேருக்குத்தான் அணியில் இடம்.

அக்கா வீட்டுக்கு வந்து, தன் முழங்கை எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டி முறைத்துக்கொண்டே நின்றாள். "இது நீளாது. சரி, மத்ததைக் குறைச்சுக்குவோம்" என்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இருக்கிற ஒரு நல்ல கையையும் கோணலாக்கணுமாடி?"

மூன்று மாதம் இடது முழங்கையையும் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையாலும் பின்னறைச் சுவரைத் தட்டினாள். நான் முதுகைக் காட்டி நின்று கேட்பேன். இரண்டு சத்தம் கேட்டால் தோல்வி. ஒரே சத்தம் கேட்டால் சரி. "ஆணி அடிச்சு முடியலையா இன்னும்?" என்று பக்கத்து வீட்டம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

போட்டியன்று கடைசி சில மீட்டரில் ஒருத்தியை முந்தி இரண்டாவதாகச் சுவரைத் தொட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கரையில் நின்றேன். ஒரே சத்தம். அப்படியும், முன்பு அவளைச் செல்லாது என்ற அதே நடுவர் கையைத் தூக்கினார்!

அக்கா தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

"ஏறும்மா, அடுத்த போட்டி காத்துட்டிருக்கு" என்றார் நடுவர்.

"எந்தக் கை முதல்ல தொட்டுச்சுன்னு சொல்லுங்க. ஏறிடறேன்."

தலைமை நடுவரே எழுந்து வந்து அந்த நடுவரிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"அது... முழங்கை கோணலா இருந்துச்சு சார்."

"முழங்கைக்கு எந்த விதியில இடம் இருக்கு? தொட்டது கைதானே?" அக்காவின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. நானும் கத்தினேன், யாரோ என்னை உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை.

"கையைப் பாத்தீங்களா, இல்லையா?" என்றார் தலைமை நடுவர்.

அந்த நடுவர் சொன்னார்: "இல்ல சார். இந்தப் பொண்ணுன்னதும் பழக்கத்துல தூக்கிட்டேன்."

ஒலிபெருக்கியில் நான்காவது லேனுக்கு இரண்டாம் இடம் என்று அறிவித்த பிறகுதான் அக்கா ஏறினாள். அழுவாள் என்று நினைத்துத் துண்டோடு ஓடினேன். என்னைத் தாண்டி நேராக அந்த நடுவரிடம் போய் நின்றாள்.

"அடுத்த தடவையும் என் லேன்லயே நில்லுங்க சார். நல்லா குனிஞ்சு பாருங்க."