பதிமூன்று நொடி: பாகாலா வழியாக ஒரு கல்யாணத்துக்கு

சொந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போய் வந்ததில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். என் வேலை அப்படி. குமரிக் கடற்கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று பெரிய மிதவைகள் கிடக்கின்றன. அவற்றை எந்த நாளில் பழுது பார்க்கலாம் என்று கடலைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. கடல் அடங்கினால் எனக்கு வேலை, பொங்கினால் விடுமுறை. தை, மாசி, பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும். ஊரில் கல்யாணங்களும் அப்போதுதான். ஆடியில் கடல் என்னை விட்டுவிடும், ஆனால் ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

தங்கை மலரின் நிச்சயதார்த்தம் தையில் நடந்தது. நான் போகவில்லை. அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கடைசியில் எனக்காகவே கல்யாணத்தை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளினார்கள். அதுவரை பருவமழைக் கடல் அடங்காது என்று வாக்குக் கொடுத்தது நான்தான். பஞ்சாங்கக்காரருக்கு ஒரு வருஷம் முன்னால் தெரிகிறது. எனக்குத் தெரிவது ஐந்து நாள். அதை வீட்டில் சொல்லவில்லை.

கடைசி நேரத்தில் திருப்பதி ரயிலில் மட்டும்தான் இடம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை 5.40க்கு இறங்கினேன். ஸ்டேஷன் எதிரே இரண்டு இட்லி, ஒரு காபி, நாற்பது ரூபாய். 6.35க்குக் காட்பாடி பாசஞ்சர். சித்தூருக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் பஸ்ஸில் இந்தத் தூக்கம் வராது.

சந்திரகிரி தாண்டியதும் மழை மேகம் மலைமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் பாதி கண் மூடிவிட்டது. மூடினால் கடல், திறந்தால் மாந்தோப்பு. ஈர மண்ணில் வேர்க்கடலைச் செடிகள் காற்றுக்குச் சாய்ந்து எழுந்தன. ஒரு சாய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று மனம் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடித்திருந்தது. எந்தக் கரையிலும் இல்லாத மாதிரி ஒரு சுகம்.

7.45க்குப் பாகாலா. எதிர் வண்டிக்காக அரை மணி நிற்கும் என்றார்கள். இறங்கி டீ வாங்கினேன், பத்து ரூபாய். அப்போதுதான் போனுக்கு சிக்னல் வந்தது. படகு ஓட்டி லூர்து நாலு தடவை கூப்பிட்டிருந்தார். பதினைந்து வருஷமாக இந்தக் கடலில் இருப்பவர், பழுது பார்க்கப் போகும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். திருப்பிக் கூப்பிட்டேன்.

"மேடம், கடலு அமந்துட்டு. நாளைக்கு வெடியக்காலம் போயிரலாம். ரெண்டாம் மிதவச் சங்கிலிய இனியும் விடப்பிடாது."

இரண்டாம் மிதவையின் நங்கூரச் சங்கிலி தேய்ந்துபோய் இரண்டு மாதமாகிறது. அறுந்தால் மிதவை மீன்பிடிப் படகுகளின் பாதைக்குள் போய்விடும். எட்டுமணிக்குள் நான் சரி என்றால் ஆட்களைத் திரட்டுவார். சரி என்றால் நானும் விடிவதற்குள் கரையில் இருக்கவேண்டும். அது விதி. பாசஞ்சரில் காட்பாடி வரை போய், அங்கே தெற்கே போகும் வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். சித்தூர் வழியில்தான் இருக்கிறது, இறங்காமல் போகலாம்.

அவரை லைனில் வைத்துக்கொண்டே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முன்னறிவிப்பைத் திறந்தேன். அலை உயரம் ஒரு மீட்டருக்கும் கீழே. காற்று இல்லை. ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பதிமூன்று நொடி. இடைவெளி நீண்டால் அலை எங்கோ தூரத்துக் கடலில் பிறந்து வருகிறது என்று அர்த்தம். மேலே அமைதியாகத் தெரியும், கரைக்குப் பக்கத்தில் திடீரென்று தூக்கும். பன்னிரண்டு நொடிக்கு மேல் போனால் முடிவு என் கையில் என்கிறது எங்கள் விதி.

"பதிமூணு செகண்ட் காட்டுது லூர்தண்ணே. வேண்டாம்" என்றேன்.

அவர் "சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே பதிமூன்று நொடிக்கு மாசியில் இரண்டு முறை ஆட்களை அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. நான் படித்தது கடலையா, கல்யாணப் பத்திரிகையையா என்று அந்த பெஞ்சிலேயே சந்தேகம் வந்தது. டீ ஆறிப்போயிற்று.

சித்தூர் 9.10. அங்கிருந்து எங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்கு இருபது ரூபாய், ஆட்டோவுக்கு முந்நூறு கேட்டார்கள். பையோடு ஆட்டோவில் ஏறினேன்.

"பெள்ளிக்கா, கல்யாணத்துக்கா போறீங்க? மானத்துல மேகத்தப் பாத்தீங்களா, மத்தியானம் கொட்டப்போவுது. பந்தல்ல தகரம் போட சொல்லுங்க" என்றார் டிரைவர்.

மேகத்தைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி அவ்வளவு உறுதி. இவரை எங்கள் ஆபீசில் சேர்க்கலாம் என்று தோன்றியது. இரண்டரை மணிக்கு மழை கொட்டியது.

வீட்டு வாசலில் நைனா, எங்கள் அப்பா, வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். இப்போது சொந்தமாக அரை ஏக்கர் மாமரம் வைத்திருக்கிறார், கடலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மஞ்சள் முகத்தோடு மலர் ஓடி வந்தாள். செல்போன் கம்பெனியில் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாக்கா, கடலு உன்ன வுட்டுச்சா?"

"வுட்டுச்சு" என்றேன்.

"வந்ததும் நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு? மொதல்ல துன்னச் சொல்லு அவள" என்றார் நைனா.

மறுநாள் தாலி ஏறும்போது மலரின் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கழுத்தில் வேர்வை அரும்பியிருந்தது. மேளம் காதை அடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல வருஷம். கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் கொல்லைப்புறம் போய் லூர்துவைக் கூப்பிட்டேன்.

"கடலு எப்பிடி?"

"கண்ணாடி கணக்கா கெடக்கு மேடம். நேத்தும் அப்பிடித்தான்."

நான் சொன்ன அலை வரவே இல்லை. முப்பத்தாறு மணி நேரம் கடல் சும்மா கிடந்துவிட்டு, மறுபடி பொங்கிவிட்டது. அடுத்த அமைதி வரப் பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் எழுந்ததும் இரண்டாம் மிதவை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. அந்த அமைதியில் போய்க் கழற்றிக் கொண்டுவந்த சங்கிலியின் ஒரு வளையம் என் சுண்டுவிரல் தடிமனுக்குத் தேய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று வேண்டாம் என்றதில் தங்கை கல்யாணமும் இருந்தது என்ற உண்மையை லூர்துவிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். அதனாலதான் மறுபேச்சு பேசல. எம்மவ கோயில்ல மொத தடவயா நற்கருணை, புதுநன்மை வாங்குன அன்னைக்கு நான் கடல்லதானே கெடந்தேன். பதிமூணு செகண்டு. நீங்கதான் அனுப்புனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. அலை உயரம், காற்று, நொடி எல்லாம் நினைவிருந்தது. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு: பாசஞ்சர் நேரங்கள் மாறும், திருப்பதியில் கேட்டுவிட்டு ஏறுங்கள். சந்திரகிரிக்கு அப்புறம் இடதோ வலதோ, ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பாகாலாவுக்கு முன்னால் போன் சிக்னலை நம்பவேண்டாம். ஆவணி என்றால் கையில் குடை. என்னைப் போல் கடலையோ வானத்தையோ பார்த்து ஆள் அனுப்பும் வேலையில் இருப்பவர்கள், உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அந்த வாரம் கணிப்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் திட்டத்தாளில் உயரம், காற்று, நொடி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான்காவதாக ஒன்று போட்டிருக்கிறேன்: யார் வீட்டில் விசேஷம். அதில் முதல் வரி லூர்துவின் கையெழுத்தில் இருக்கிறது. தை மாதம், மகள் பிறந்தநாள். அன்றைக்குக் கடல் எப்படிக் கிடந்தாலும் அவர் கரையில் இருப்பார்.