பன்னெண்டு மணி அக்கா

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் ‘பன்னெண்டு மணி அக்கா’ என்று பெயர். காலை எட்டுக்கு வருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள்போல வேலை பார்ப்பாள். சுவர்க் கடிகாரத்தின் இரண்டு முள்ளும் உச்சியில் ஒட்டிக்கொண்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் போயே போய்விடுவாள். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். பதினாறுக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. துணியைத் தேய்த்துத் தள்ளும் சூட்டு உருளைக்குள்ளிருந்து வருவதை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவள் ‘நெட்டை’. எத்தனையோ நாள் பன்னிரண்டு அடித்ததும், பட்டம் அறுந்துபோனவள் மாதிரி இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருக்கிறாள்.

“இந்த ஒண்ணை முடிச்சுட்டுப் போனா என்ன அக்கா, கிரீடம் இறங்கிடுமா?”

“கிரீடம் இருந்தா எப்பவோ வித்திருப்பேன்டி.”

அக்காவின் கணவர் கூரை வேய்பவர். சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் அவர் முதுகு நிமிர்ந்து நிற்காது. பாதி வாடகையும் அவருடைய மாத்திரைச் செலவும் அரசாங்க உதவி. வீட்டு வருமானம் கூடினால் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று வருடத்துக்கு முன்பு நெட்டையின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, அவளுக்குப் பதிலாக இவள் மூன்று நாள் மாலை வரை நின்றாள். எழுதித் தெரிவிக்கத் தோன்றவில்லை. அடுத்த மாதம் கடிதம் வந்தது. உதவி நின்றது. திரும்பக் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவர் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார். நெட்டையிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. கடிகாரத்தைப் பார்க்க மட்டும் கற்றுக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, “முழு நேரம் வர முடியுமா? நீ மடிச்சா கோணலே வராது. அந்த இடம் உனக்குத்தான்” என்றார்.

அன்று மாலை கணவர் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வெகுநேரம் கணக்குப் போட்டார்.

“இங்க பாரு. கூட வர்ற ஒவ்வொரு நூறுலயும் வரி கொஞ்சம் போகுது. வாடகை உதவில கொஞ்சம் குறைப்பாங்க, மாத்திரைல கொஞ்சம். கடைசில நம்ம கையில நிக்கிறது இருபத்தேழு. ரெண்டு மடங்கு வேலைக்கு இருபத்தேழா? அதுக்கு வீட்ல உக்காந்து என்னோட சீட்டு ஆடலாம்.”

“நீங்க சீட்டுல கள்ளாட்டம் ஆடுறீங்க.”

அவர் சிரிக்கவில்லை. இருபத்தேழு அவர் பயம் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் உதவி அலுவலகத்துக்குப் போனாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சேர்ந்த பிறகு வேலை போயிட்டா?”

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஒரு வருஷத்துக்குள்ள வந்தீங்கன்னா பழைய கோப்பையே திறந்து உதவியைப் பழையபடி தந்துடலாம்மா. அதுக்குப் பிறகு முதல்லேருந்து.”

“முதல்லேருந்துன்னா, ஏழு மாசம்?”

“ஏழு… எட்டு…” என்று அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

வந்து அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் மாத்திரை டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“மறுபடியும் உடைச்சுத் திங்கணுமா நான்?”

“உடைக்க விடுவேனா? வருஷம் முடியறதுக்குள்ள வேலை ஆட்டம் கண்டா ஓடிப்போய்க் கோப்பைத் திறந்துடறேன். ஆனா கடிகாரத்தைப் பாத்துப் பாத்தே எனக்குக் கழுத்து சுளுக்கிப் போச்சுங்க. நல்லா வர்ற வேலையைப் பாதில போட்டுட்டு வர்றது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? என்னிக்காவது கூரையைப் பாதில விட்டுட்டு இறங்கியிருக்கீங்களா?”

“ஒரே ஒரு தடவை,” என்றார் அவர். “அதுவும் ஏணியில்லாம.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, “அய்யோ” என்றபடியே எழுந்து பேனாவைத் தேடினார். வருமானம் கூடப்போகிறது என்று தெரிவிக்கும் படிவத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை முதல் காரியமாக அதை எழுதினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவள் முழு நேர வேலைக்குக் கிளம்பும்போது கணவர் வாசல்வரை வந்து, “வழி விடுங்கப்பா, வரி கட்டுறவங்க வர்றாங்க” என்று ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

சலவைக்கூடத்தில் பன்னிரண்டு அடித்தது. உருளையருகே நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டை, பழக்க தோஷத்தில், தன் இரண்டு மூலைகளையும் மேசைமேல் வைக்கப் போனாள்.

“மணி ஆச்சு அக்கா.”

“கண்ணு தெரியுதுடி எனக்கு. மூலையைப் பிடி, கோணுது.”

நெட்டை பிடித்தாள். விரிப்பை உதறிவிட்டு, இருவரும் எதிரெதிரே நடந்து வந்தார்கள்.