பிச்சம்மாக்கா எழுதிய காதல் கதை

காதல் கதை என்றாலே எனக்கு ஆகாது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங் கடை வைத்துப் பதினாறு வருஷமாகிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இந்த வட்டாரத்துக்கே நான்தான் அடித்துக் கொடுக்கிறேன். நான் பத்திரிகை அடித்த ஜோடிகளில் பாதிப் பேர் இரண்டே வருஷத்தில் என் கடைக்கு வந்து, ஒருவர்மேல் ஒருவர் போலீசுக்கு மனு எழுதிக் கேட்கிறார்கள். இதையெல்லாம் பார்த்தவளுக்குக் காதல் கதை எப்படி இனிக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் பிச்சம்மாக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து, "பானு, இத டைப் அடிச்சுப் போன்ல போடணும்" என்றபோது, ஏதோ ரேஷன் கார்டு சமாச்சாரம் என்றுதான் வாங்கிப் பிரித்தேன். உள்ளே கதை. பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில். 'ராஜா அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்திருந்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பேச்சிராஜா அவளுடைய ஒரே மகன். ஐரோலியில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஒரு கட்டடத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன் கை வழுக்கி விழுந்து செத்துப்போனான். இருபத்தாறு வயது. அவனுடைய அஞ்சலி போஸ்டரையும் நான்தான் அடித்தேன்.

"யக்கா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? செத்த பிள்ள பேர வச்சுக் காதல் கதையா? சந்துல நாலு பேரு கேட்டா காறித் துப்புவாவ" என்றேன்.

"துப்பட்டும். நீ அடிச்சுத் தருவியா, மாட்டியா?"

"என்னத்துக்கு அடிக்கணும்?"

"அந்தப் பிள்ள கேக்கணும் பானு. வேற ஒண்ணுமில்ல."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. சந்துக்கே தெரிந்த விஷயம். சாதனா என்று ஒரு மராட்டிக்காரப் பெண். ஆண்டாப் ஹில்லில் வீடு, ராஜா வேலை பார்த்த அதே கட்டடத்தில் ரிசப்ஷனில் வேலை. அவன் சாவதற்கு ஐந்து மாசத்துக்கு முன்னால் அம்மாவிடம் சொன்னான். அக்கா மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எம் பொணத்தத் தாண்டிப் போயிக் கெட்டிக்கோல" என்று சொல்லிவிட்டாள். அவன் அந்தப் பேச்சை அதோடு விட்டான்.

அவன் உடலைக் கொண்டுவந்த அன்று அக்காவின் அண்ணன் சுடலைக்கண்ணன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். கல்யாணம் ஆகாத பையனை அப்படியே அனுப்பக் கூடாது, ஆத்மா அலையும் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் சிலரிடம் அந்த வழக்கம் உண்டு. ஒரு வாழைக்கன்றைப் பெண்ணாக வைத்து, செத்தவனுக்குக் கல்யாணம் செய்து அனுப்புவார்கள். ஆளை மாட்டுங்காவுக்கு அனுப்பிக் கன்று வாங்கிவரச் செய்தார். மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து, ராஜாவின் கையில் தொட்டு வாங்கி, கன்றில் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அதை வெட்டிச் சாய்க்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சாதனா வந்து சேர்ந்தாள். ஆபீசிலிருந்து நேராக வந்திருப்பாள் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. என் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது என்று இந்தியில் கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்தோடு எதற்கு, தீதி?" என்றாள். "நான் இங்கேதானே நிற்கிறேன்."

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் அக்காவின் காதில் விழுந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பம்பாயில் இருக்கிறவளுக்கு அவ்வளவு இந்தி புரியாதா? திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "ஏ பானு, அவள வெளிய போகச் சொல்லு. எம் பிள்ளைய முழுங்குனது பத்தலையாமா" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துச் சந்து முனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கன்றை வெட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மகன் பேரை வாயில் எடுக்கவே மாட்டாள். தையல் கார்கானாவில் தாகா கட்டிங் வேலைக்குப் போவாள், வருவாள். தைத்து வந்த உடுப்பில் தொங்குகிற நூல் பிசிறுகளைக் கத்தரிக்கிற வேலை அது. கூட வேலை செய்கிற பெண்கள் போனில் யாரோ வாசிக்கிற தமிழ்க் காதல் நாவல்களைக் கேட்டுக்கொண்டே கத்தரிப்பார்கள். பணக்கார ஹீரோ, வாயாடி ஹீரோயின், கட்டாயக் கல்யாணம், அப்புறம் காதல். எல்லாம் ஒரே கதைதான், பேர்தான் வேறு. ஒருநாள் அக்கா கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாளாம். ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் இவர்கள் சேர்த்துவைக்கிறார்கள், நான் ஒன்றைச் சேர்த்துவைக்கவில்லையே என்று. மறுநாளே நோட்டு வாங்கிவிட்டாள்.

"அவட்டப் போயி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல பானு" என்றாள் என்னிடம். "எழுதி வச்சா என்னைக்காவது ஒருநா கேப்பா. நான் அவங்களச் சேத்து வச்சிட்டேன்னு அவளுக்குத் தெரியணும். மன்னிக்காட்டாலும் தெரியட்டும்."

"அவளுக்குத் தமிழே தெரியாதேக்கா!"

"அது அப்பம் பாத்துக்கிடலாம். நீ அடி."

என் தலையெழுத்து, அடித்தேன். கதைகள் போடுகிற ஒரு செயலியில் வாரம் இரண்டு அத்தியாயம் ஏற்றினோம்.

எழுதுவது லேசாக இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். அதுகூடப் பரவாயில்லை, காதலர்கள் என்ன பேசுவார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் அய்யாத்துரை உயிரோடு இருந்தவரை அவளை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்றால் ஏட்டிதான். "ஒங்க வீட்டுக்காரரு ஒன்ட்ட தனியா இருக்கும்போது என்னத்தப் பேசுவாரு?" என்று என்னையே கேட்டாள். "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு கேப்பாரு. அத எழுதிக்கோ" என்றேன். அன்றைக்கு அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம்கூடச் சொல்லாமல் ரயில் ஏறி ஐரோலிக்குப் போனாள். மகன் போய்வந்த அதே ரயிலில். அந்தக் கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் எந்த நிழலில் நின்று பேசியிருப்பார்கள் என்று தெரிய வேண்டுமாம். அந்த வாரத்து அத்தியாயத்தில் ஒரு டீக்கடையும் ஒரு வேப்பமரமும் வந்தன. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே அடித்தேன்.

வரவர ஆள் தெளிந்தாள். இரண்டு வேளை சாப்பிட்டாள். ராஜா இப்படிச் சொன்னான், ராஜா அப்படி முறைத்தான் என்று வாய் ஓயாமல் பேசினாள். "எழுதும்போது அவன் ஏங்கூடப் பேசுதான் பானு. நிறுத்துனா போயிருதான்" என்பாள். அதைக் கேட்கப் பயமாக இருக்கும், நான் பாட்டுக்கு டைப் அடிப்பேன். மதுரை, கோவில்பட்டி, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து வாசகிகள் சேர்ந்தார்கள். எப்போ கல்யாணம், எப்போ கல்யாணம் என்று உயிரை எடுத்தார்கள்.

எண்பத்துமூன்றாவது அத்தியாயத்தோடு அக்கா நின்றுவிட்டாள். கல்யாணத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாள். தாலி கட்டுகிற இடம் வந்ததும் கண்ணில் அந்த வாழைக்கன்றுதான் தெரிகிறது என்றாள்.

"அன்னைக்கும் அந்தப் பிள்ளையக் கேக்காமத்தான் எல்லாம் செஞ்சேன். இன்னைக்கும் கேக்காம அவ கழுத்துல எப்பிடிக் கெட்ட? அவளக் கூப்புடு பானு."

கண்ணாடி நொறுங்கிய ராஜாவின் போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து நம்பரை எடுத்து நான்தான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வீட்டுக்கு வரமாட்டேன், கடைக்கு வருகிறேன் என்றாள் சாதனா.

வந்தாள். கழுத்தில் கருகமணித் தாலி. மராட்டிக்காரர்கள் கட்டுவது. நான் பார்ப்பதற்கு முன்னால் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துவிட்டது. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

நான் கதையை இந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு மணி நேரம். 'உன் கண்ணில்தான் என் உலகம்' என்று ராஜா சொல்கிற இடத்தில் சாதனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது ராஜா இல்லை ஆண்டி. அவனுக்கு இப்படியெல்லாம் பேச வராது. எந்த மாடியில் கம்ப்ரெசர் போச்சு, எங்கே கேஸ் லீக் ஆச்சு, இதைத்தான் பேசுவான். அப்புறம் உங்கள் டப்பா."

"எந்த டப்பா?"

"மத்தியானச் சாப்பாட்டு டப்பா. ஒரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அதில்தான் சாப்பிட்டோம். நீங்கள் வைக்கிற புளிக்குழம்புக்குச் சண்டை போடுவோம்."

அக்கா வாயில் கையை வைத்தாள். "ரெண்டு மடங்கு வையும்மான்னான். வேல சாஸ்தி, பசிக்குன்னு நெனச்சேன் பானு. அய்யோ, அன்னாடம் இவளுக்கும் சேத்துல்லா பொங்கியிருக்கேன்! தெரியாமப் போச்சே. ஏ ராஜா, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதாடா!"

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். அன்றைக்கு உன்னைத் துரத்தினேன், அது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை, கதையிலாவது உங்கள் கல்யாணத்தை எழுதட்டுமா என்று. சாதனா தன் தாலியை விரலால் நெருடிக்கொண்டே யோசித்தாள்.

"வேண்டாம் ஆண்டி. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாசமாகிறது. அவர் நல்ல மனுஷர். கதையில்கூட வேண்டாம்."

நான் அதைத் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை.

பிறகு சாதனாவே கேட்டாள். "இதில் ராஜாவின் அம்மா எங்கே? இவ்வளவு நேரம் சொன்னீர்கள், ஒரு இடத்திலும் வரவில்லையே?"

எண்பத்துமூன்று அத்தியாயம் அடித்தவள், எனக்கு அது தோன்றவே இல்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவ கத ஆரம்பிக்கதுக்கு முன்னயே செத்துட்டா. அவ இருந்தா அதுகளச் சேர விடமாட்டா."

அதை இந்தியில் சொன்னதும் சாதனா உடைந்துவிட்டாள். அதுவரை அழாதவள். "அம்மா சரி சொல்லாமல் வரமாட்டேன் என்று ஐந்து மாசமும் அவன் சொன்னான். எனக்கு அதில் எவ்வளவு கோபம் தெரியுமா? கல்யாணம்கூட அப்புறம்தான் ஆண்டி. அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு தடவை, வா என்று நீங்கள் கூப்பிட்டு நான் வர வேண்டும் என்றிருந்தது."

அக்கா சடாரென்று எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "இப்பம் வாம்மா. பக்கத்துலதான். கொழம்பு வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

சாதனா கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் தலையை ஆட்டினாள். "இனிமேல் முடியாது ஆண்டி. சயான் ஸ்டேஷனில் அவர் காத்திருப்பார்." மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் அக்கா கடைப் பக்கமே வரவில்லை. பதினோராம் நாள் நோட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். எழுத வரவில்லை, சொல்கிறேன் அடி என்றாள். கல்யாணம் கிடையாது. எண்பத்துநாலாவது அத்தியாயத்தில் ராஜாவுக்கு அம்மா இருந்தாள். இத்தனை அத்தியாயம் இல்லாத அம்மா திடீரென்று எப்படி வந்தாள், லாஜிக் இடிக்கிறதே என்று வாசகிகள் பிறகு திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும்.

சாயங்காலம் கதவு தட்டப்படுகிறது. அம்மா திறக்கிறாள். வாசலில் மகன், அவனுக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். 'யாருல இது?' என்று அம்மா கேட்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் போகப் பார்க்கிறாள்.

அக்காவும் அதோடு நிறுத்திவிட்டாள். நான் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"'ஏன் வெளிய நிக்கே? உள்ள வாம்மா'ன்னு அம்மா சொன்னா" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கும் தட்டு வச்சா. சோறு போட்டா. கொழம்ப ஊத்துனா."

அடித்து முடித்தேன். கதை முடிந்தது என்று நினைத்து, வரியின் கீழே 'முற்றும்' என்று அடிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாத பானு. இப்பந்தான உக்காந்திருக்காவ. சாப்ட்டு எந்திரிக்கட்டும்."