சவரிமுத்து சார் கழற்றிய தலைப்பாகை

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது சவரிமுத்து சார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய மனைவி ரெஜினா அக்கா.

"கலா, சார் போயிட்டாரும்மா. காப்பி கேட்டாரு, கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு." பிறகு, "நெசமான்னு கேக்க மாட்டியா? அவரா இருந்தா கேட்டிருப்பாரு" என்றார். அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தார்.

அக்கா சொன்னது சரிதான். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை சான்றிதழ் சரிபார்த்தவர் அவர். முத்திரையில் மை பரவிய விதம், கையெழுத்தின் சாய்வு, தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் சுரண்டல் என்று ஒன்றையும் விடமாட்டார். நான் நூலகராகச் சேர வந்தபோது, மாற்றுச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து ஒன்றாகவும் பட்டத்தில் வேறாகவும் இருந்ததால் மூன்று நாள் அலைய விட்டார். "என்னையப் பாத்தா ஏமாத்துறவ மாதிரியா இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏமாத்துறவுக யாரும்மா அப்படி இருந்திருக்காக?" என்றார், தலை நிமிராமல்.

அப்படிப்பட்டவர் வீட்டில் அலமாரி நிறைய பிளாஸ்டிக் சிப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு வருடத்துக்குள் அவருடைய சந்தேகப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.

நம்பும்படி ஆனது ஆண்டு விழாக் கண்காட்சியில். வரலாற்றுத் துறையினர் நம் திண்டுக்கல் மலைக்கோட்டையைத் தெர்மாகோலில் செய்து, மாசித் திருவிழாக் கடையில் பை பையாக வாங்கிய சிப்பாய்களை அடிவாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் திப்புவின் படை, எதிரே கும்பினிப் படை. சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு முறை சுற்றி வந்தார்.

"இந்த வெள்ளைக்காரனுக்கு இந்தத் தொப்பிய யாரு குடுத்தா?"

"பைக்குள்ள அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார் துறைத் தலைவர்.

"இது நெட்டித் தொப்பி. திப்பு செத்து அம்பது வருசங் கழிச்சு வந்தது. அந்தா அவன் போட்டிருக்கது இரும்புத் தொப்பி, மொத உலகப் போருல வந்தது. இம்புட்டுப் பேரும் பொறக்காமலே சண்டைக்கு வந்துட்டாக."

"பொம்மை சார். தொப்பிய யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அத்தனை பேரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார். சனியும் ஞாயிறும் உட்கார்ந்து தொப்பிகளை பிளேடால் சீவி, குழாய் ஓட்டை அடைக்கும் மாவைப் பிசைந்து, அந்தக் காலத்து வட்டத் தொப்பிகளை வைத்துத் திங்கட்கிழமை கொண்டுவந்தார். திப்பு பக்கத்தில் மட்டும் இரண்டு பேர் குறைந்தார்கள். கேட்டதற்கு, "அவுக தலைக்கு ஆதாரம் கெடைக்கல. தெரியாததத் தலையில வைக்கக் கூடாது" என்றார்.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு அடிக்கடி போகலானேன். அலமாரியின் மேல் தட்டில் ஒரு சிப்பாய் தனியே நின்றார். சாருடைய தாத்தா ராயப்பன். ஆத்தூரிலிருந்து பட்டாளத்துக்குப் போய், முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குக் கப்பல் ஏறியவர். திரும்பவில்லை. கல்லறையும் இல்லை, கடிதமும் இல்லை. மிஞ்சியது கூடத்துச் சுவரில் தொங்கிய ஒரு புகைப்படம் மட்டும். அதில் அவர் தலைப்பாகையின் உச்சியில் விசிறி மடிப்பு ஒன்று, வலது ஓரத்தில் சிறு கிழிசலோடு, விறைத்து நின்றது. பின்னால் தூண் வரைந்த திரை.

"இந்தியச் சிப்பாய்னா எல்லாப் பயலுக்கும் ஒரே அச்சுல வடக்கத்தித் தலைப்பாவ வச்சு ஊத்திடுறான். மெட்ராஸ் பக்கத்து ஆளு எப்படிப் போட்டான்னு எவன் கேட்டான்?" என்பார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பொம்மையின் தலையை மாற்றியிருந்தார். "என் அலமாரியில சந்தேகமே இல்லாத தலை இது ஒண்ணுதான். ஆதாரம் சுவத்துல இருக்கு."

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவரின் கல்யாணத்துக்குக் கன்னிவாடி போயிருந்தேன். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம். வேறு முகம், ஆனால் அதே விசிறித் தலைப்பாகை. மடிப்பின் வலது ஓரத்தில் அதே கிழிசல். பின்னால் தூண் வரைந்த அதே திரை.

"இவர் பட்டாளத்துல இருந்தாரா?" என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டேன்.

"எங்க பாட்டனா? அவரு இந்த மலையத் தாண்டுனதில்லம்மா. திண்டுக்கல்லுல படம் பிடிக்கப் போனா ஸ்டுடியோக்காரனே தலைப்பா வச்சு விடுவானாம். வர்றவுகளுக்கெல்லாம் அது ஒண்ணுதான்."

பந்தியில் உட்கார்ந்தும் சாப்பிட முடியவில்லை. தலைப்பாகை இரவல் என்றால் மற்றதெல்லாம்? ராயப்பன் பட்டாளத்துக்குப் போனதாவது உண்மையா? அதைவிட மோசமான ஒரு சந்தேகமும் வந்தது. என் முதலெழுத்துக்காக மூன்று நாள் அலைய விட்டவர், அந்தத் திரையில் வரைந்த தூணைக் கவனிக்காமலா இருந்திருப்பார்? தன் தாத்தாவை மட்டும் சரிபார்க்காமல் விட்டுவிட்டாரா?

நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். பிறகும் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரையும் அலமாரியையும் பார்க்காத நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை துக்க வீட்டுக்குப் போனபோது ரெஜினா அக்கா என் கையைப் பிடித்து அந்த அலமாரிக்கு அழைத்துப் போனார். மேல் தட்டில் ராயப்பன் நின்றார். தலைப்பாகை இல்லை. மாவை முழுக்கச் சீவி, மண்டையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். பீடத்தில் ஒட்டியிருந்த தாளில் சாருடைய அலுவலகக் கையெழுத்து: 'ராயப்பன். போனார், வரவில்லை. தலையணி: ஆதாரம் இல்லை.'

"எப்பக்கா இது?"

"நாலு வருசம் ஆச்சு. 'கலா சுவத்தப் பாக்காமலே காப்பி குடிச்சுட்டுப் போகுது, எதையோ பாத்துட்டு மறைக்குது'ன்னாரு. எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுலருந்து நீ இப்படி இருக்கன்னு யோசிச்சுக் கண்டுபிடிச்சு, பஸ் ஏறிக் கன்னிவாடிக்கே போயிட்டாரு. வந்து ரெண்டு நாளு சுவத்துப் படத்துக்கு முன்னாலயே உக்காந்திருந்தாரு. அப்புறம் பிளேட எடுத்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லச் சொன்னேன். 'எனக்காக ஒண்ணச் சுமந்துக்கிட்டு இருக்கு, தெரிஞ்சா கூசிப் போகும்'னாரு. 'சான்றிதழுன்னா திருப்பி அனுப்பலாம், இத எங்க அனுப்புறது'ன்னு சிரிச்சாரு."

நான்கு வருடம் நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

மாலையில் பெட்டியை மூடும் முன் சாருடைய தம்பி லூர்து சரிகை உருமால் ஒன்றைக் கொண்டுவந்தார். "பெரிய மனுசன், வெறுந்தலையா அனுப்புறதா? கட்டிவிடுவோம் மதினி."

"வேணாம் லூர்து" என்றார் அக்கா. "ஆயுசுக்கும் அவரு தலையில ஒண்ணும் கட்டுனதில்ல."

லூர்து என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் உருமாலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

போய் வாருங்கள் சார். நெற்றிக்கு மேல் நாலு நரை முடி, மூக்குக் கண்ணாடி அழுத்திய தழும்பு, வேறொன்றும் இல்லாத தலை. மூடி இறங்கும்வரை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.